பாட்டாவின் முகமும் குகைச் சுவரின் கோடும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ‘பழைய படம், ஏடு, கல்வெட்டு, வீடு என்று எதையாவது கம்ப்யூட்டரில் மீட்க முடியுமா என்று சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்’ என்று ஒரு வரி போட்டோம். இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. குமரி மாவட்டத்தில் குளச்சலிலிருந்து குலசேகரம் வரை எல்லாப் பக்கமிருந்தும் வந்திருக்கிறது. பாதிப் பேர் கேட்டிருப்பது ஒரே கேள்விதான், அதிலிருந்தே தொடங்குகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொல்லியிருப்பதால் ஊர் மட்டும்.

அண்ணாச்சி, எங்க பாட்டாவோட ஒரே ஒரு போட்டோதான் வீட்டில் இருக்கு. 1950-களில் எடுத்தது. ஈரம் பட்டு வலது கண்ணும் கன்னமும் அழிஞ்சு போச்சு. மகன் அதை ஒரு ஏஐ செயலியில் போட்டான், பளிச்சென்று கலரில் வந்தது. ஆச்சியிடம் கொண்டு காட்டினால் ‘இது யாருலே?’ என்கிறாள். எங்கே தப்பு?
– வாசகி, குளச்சல்

ஆச்சியின் கண்ணில் தப்பு இல்லை. அந்தப் படத்தில் இருப்பவர் உங்கள் பாட்டா மாதிரி ஒருவர், அவ்வளவுதான். அழிந்துபோன கன்னத்தைச் செயலி தேடி எடுத்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் தேடி எடுக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை, ஈரம் தின்றுவிட்டது. லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய ஒரு கணக்கு, இப்படி ஒரு நெற்றிக்கும் மூக்குக்கும் பக்கத்தில் வழக்கமாக எந்த மாதிரிக் கன்னம் வரும் என்று ஊகித்து ஒன்றை வரைந்து வைக்கிறது. அது பழகிய முகங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கிற முகங்கள். அதில் கட்டுமரத்தில் போய் உப்புக்காற்றில் காய்ந்த குளச்சல் முகங்கள் எத்தனை இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் தோல் வழுவழுவென்று சினிமா நடிகர் மாதிரி ஆகிறது, மச்சம் காணாமல் போகிறது, பல்வரிசை நேராகிவிடுகிறது.

கலரும் இதே கதைதான். கறுப்பு வெள்ளைப் படத்தில் பதிவாகியிருப்பது வெளிச்சத்தின் அளவு மட்டும். பாட்டாவின் தோளில் கிடக்கிற நேரியல் துண்டின் கரை பச்சையா சிவப்பா என்பது அதில் இல்லவே இல்லை. போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் சில ஃபிலிம்களுக்குச் சிவப்பு நிறம் உறைக்காது, சிவப்புப் பட்டு கறுப்பாகவே விழும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் மூலப் படம். கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு அப்படியே எடுங்கள். தனியாக வந்தால் ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து டிஃப் கோப்பாக ஒன்று, அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அதன் நகலில் கீறல், பூஞ்சைப் புள்ளி, மடிப்பு இவற்றை மட்டும் சரி செய்யுங்கள். கண்ணும் கன்னமும் கட்டாயம் வேண்டும் என்றால், உறவுக்காரர் வீட்டுக் கல்யாண குரூப் போட்டோவில் பாட்டா எங்காவது ஓரமாக நிற்கிறாரா என்று பாருங்கள், பெரும்பாலும் நிற்பார். அதுவும் இல்லையென்றால் ஃபோட்டோஷாப் மென்பொருள் தெரிந்த பையனுக்குப் பக்கத்தில் ஆச்சியை உட்கார வையுங்கள். ‘கண்ணு இன்னும் கொஞ்சம் உள்ளே போகணும்’ என்று அவள் சொல்வதைவிடப் பெரிய ஆதாரம் இனி உங்களுக்குக் கிடைக்காது. செயலி போட்ட படத்தை அழிக்கவும் வேண்டாம். ‘கணினி வரைந்தது’ என்று படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் இன்னும் முப்பது வருஷத்தில் உங்கள் பேரப்பிள்ளைகள் அந்த ஆளைத்தான் பாட்டா என்று மாலை போட்டுக் கும்பிடுவார்கள்.

நான் கல்லூரியில் படிக்கிறேன். திருநந்திக்கரை குகைக்கோவிலுக்கு நண்பர்களோடு போனோம். ஓவியம் இருக்கிறது என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள், அங்கே போனால் சில கோடுகள்தான் இருக்கின்றன. ஏஐ வைத்து முழு ஓவியத்தையும் திரும்ப வரவழைத்துவிடலாம் என்று என் நண்பன் பந்தயம் கட்டுகிறான். முடியுமா?
– மாணவர், குலசேகரம்

பந்தயத்தில் நண்பன் தோற்பான். ஆனால் அவன் நினைக்காத வேறொன்றை அங்கே செய்ய முடியும், அது இதைவிட ருசியான வேலை.

திருநந்திக்கரை பாறையைக் குடைந்து செய்த சிவன் கோவில். அங்கே இருந்த சுவரோவியங்கள் 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று சொல்கிறார்கள், இந்தப் பக்கத்து சுவரோவியங்களில் அதுதான் மிகப் பழையது. இப்போது மிஞ்சியிருப்பது சில வரைகோடுகளும் நிறத் திட்டுகளும். கோடு ‘சில’ என்று நீங்கள் எழுதியிருப்பது நம் கண்ணுக்குத் தெரிகிற கணக்கு. நம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெளுத்துப்போன நிறம் கேமராவுக்குள் இன்னும் இருக்கும். அதைப் பிரித்துக் காட்ட டிஸ்ட்ரெச் என்று ஒரு மென்பொருள் உண்டு. செயற்கைக்கோள் படங்களுக்காக வந்த ஒரு கணக்கு முறையை எடுத்து, பாறை ஓவியங்களுக்கென்று ஜான் ஹார்மன் செய்தது. ஒரே மாதிரித் தெரிகிற நிறங்களுக்கு நடுவில் இருக்கிற மிகச் சின்ன வித்தியாசத்தை இழுத்துப் பெரிதாக்கும். காவிக்கல் சிவப்பில் வரைந்த கோடுகளுக்கு அற்புதமாக வேலை செய்யும், கருநீலமும் ஊதாவுமாகப் படம் விகாரமாக வரும், பயந்துவிடாதீர்கள், அது ஓவியத்தின் நிறம் இல்லை. இதற்கும் மேலே போனால் அகச்சிவப்பு, புறஊதா என்று ஒவ்வொரு அலைநீளத்திலும் தனித்தனியாகப் படம் எடுக்கிற முறை இருக்கிறது. ஒரு மூலிகை நிறமும் ஒரு மண் நிறமும் நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அகச்சிவப்பில் வேறு வேறாக நிற்கும். இதெல்லாம் அங்கே உள்ளதை எடுக்கிற வேலை, வரைகிற வேலை இல்லை.

இனி நண்பனின் ஏஐ. கேரளச் சுவரோவியப் பாணியில் ஒரு மாடலைப் பழக்க வேண்டும் என்றால் படங்களுக்கு எங்கே போவான்? பத்மநாபபுரம் அரண்மனையில் உப்பரிகை மாளிகையின் மேல்மாடி, கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனை, இப்படி நிறைய மிஞ்சியிருக்கிற இடங்களுக்குத்தான். அவையெல்லாம் 16-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் வரைந்தவை. கனத்த மகுடம், உருண்ட முகம், இடம் விடாமல் நிரப்பிய பூவேலை, ஐந்து வண்ணம். அதை எடுத்து அறுநூறு எழுநூறு வருஷம் மூத்த ஒரு சுவரில் நிரப்பினால், ராஜராஜன் காலத்து ஆளுக்கு மார்த்தாண்ட வர்மா காலத்து உடுப்பை மாட்டியது போல இருக்கும். பார்க்க அழகாக இருக்கும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. காலத்தால் பக்கத்தில் நிற்பது சித்தன்னவாசல், அது 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. ஆனால் அது சமணம், இது சிவன் கோவில், ஊரும் வேறு. ஒப்பிட்டுப் பார்க்கலாம், எடுத்து ஒட்ட முடியாது.

1964-இல் வெனிஸ் நகரத்தில் கூடிப் போட்ட சாசனம் ஒன்று உண்டு, பழங்கட்டடங்களைப் புதுப்பிப்பவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் வழிகாட்டி. ஊகம் தொடங்குகிற இடத்தில் புதுப்பிக்கிற வேலை நின்றுவிட வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் அவ்வளவு கறாராக இருக்கத் தேவையில்லை, சுவரையா சுரண்டப் போகிறோம்? அதனால்தான் கணினி வேலைக்கென்று 2006-இல் லண்டன் சாசனம் என்று தனியாக ஒன்று வந்தது. ஊகம் பண்ணிக்கொள், ஆனால் எது ஆதாரம், எது ஊகம், ஏன் அப்படி ஊகித்தாய் என்பதையும் சேர்த்து எழுதி வை என்கிறது. நண்பனிடம் சொல்லுங்கள்: அங்கே இருக்கிற கோட்டைக் கறுப்பில் போடட்டும், டிஸ்ட்ரெச்சில் வெளிவந்த கோட்டைச் சிவப்பில் போடட்டும், அவன் சொந்தச் சரக்கை வெளிறிய சாம்பல் புள்ளிக்கோட்டில் போடட்டும். பந்தயப் பணத்தை நானே தருகிறேன்.

இன்னொன்று, அந்தப் பக்கம் ரப்பர்த் தோட்டம் அதிகம். இலை வழியாக வடிகிற வெளிச்சத்தில் லேசாகப் பச்சை ஏறும். படம் எடுக்கும்போது ஒரு சாம்பல் நிற அட்டையைச் சட்டத்துக்குள் வையுங்கள், பிறகு நிறத்தைச் சரி செய்ய அது ஒன்றுதான் கதி. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ஸ்டாண்டும் விளக்கும் வைத்து எடுப்பதென்றால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாரிஸில் எரிந்துபோன சர்ச்சை ஸ்கேன் வைத்துத் திரும்பக் கட்டிவிட்டார்கள் என்று வாசித்தேன். அப்படியென்றால் எங்கள் இரணியல் அரண்மனையையும் கட்டலாமே?
– வாசகர், இரணியல்

நோத்ரதாம் தேவாலயம் எரிந்தது 2019 ஏப்ரல் 15. அதற்கு ஒன்பது வருஷம் முன்னால், 2010-இல், ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் அதை லேசரால் அளந்து வைத்திருந்தார். தீ வரும் என்று நினைத்து அளக்கவில்லை, அந்தக் காலத்துக் கொத்தர்கள் எப்படி யோசித்தார்கள், தூண் எங்கே சாய்ந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் அளந்தார். நூறு கோடிக்கு மேல் புள்ளிகள். எரிவதற்குச் சில மாதம் முன்பே அவர் இறந்துபோனார், பாவம். எரிந்துபோன கூரை மரச்சட்டத்தை 2014-இல் இரண்டு கட்டடக்கலைஞர்கள் கட்டை கட்டையாக அளந்து வரைந்திருந்தார்கள், அது தனி. இந்த இரண்டும் கையில் இருந்ததால்தான் தச்சர்கள் கோடாரியால் ஓக் மரத்தைச் செதுக்கி அதே கூரையைப் போட முடிந்தது, 2024 டிசம்பரில் திறந்தார்கள்.

இரணியலில் நம் கையில் என்ன இருக்கிறது? வேணாட்டு அரசர்கள் இருந்த அந்த இடம் ஓடு சரிந்து, மரம் மக்கி, உள்ளே செடி முளைத்துக் கிடந்ததைத்தான் என் தலைமுறை பார்த்திருக்கிறது. விழுவதற்கு முன்னால் அந்தக் கூரையை யாராவது கட்டை கட்டையாக அளந்திருந்தால் கதை வேறு. அது இல்லாதபோது பக்கத்தில் பத்மநாபபுரம் இருக்கிறதே, அதைப் பார்த்துப் போட்டுவிடலாம் என்று தோன்றும். கம்ப்யூட்டரில் தாராளமாகப் போட்டுப் பார்க்கலாம், இரண்டு மூன்று விதமாகவே போட்டு வைக்கலாம். மரத்தில் போட்டால் ஒன்றுதான் போட முடியும், அப்புறம் அதுதான் உண்மை என்று ஆகிவிடும்.

உங்கள் ஊரிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் அந்த முற்றத்தில் நின்று எடுத்த குடும்பப் படங்கள் யார் வீட்டு ஆல்பத்திலாவது இருக்கும். பின்னால் தெரிகிற ஒரு தூண், ஒரு கதவு, கூரையைத் தாங்குகிற ஒரு கழுக்கோல், அது போதும், ஒரே இடத்தைக் காட்டும் படங்கள் பல சேர்ந்தால் அளவைக்கூடக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். ஊரில் இடிக்கப் போகிற நாலுகெட்டு வீடு ஏதாவது இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். பழைய மர வியாபாரி லாரியோடு வருவதற்கு முதல் நாளாவது, பத்தாயம், மச்சு, கூரைக்கூட்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மூத்த ஆசாரி ஒருவரைக் கூட்டிப் போய் ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் சொல்லச் சொல்லி ரெக்கார்ட் பண்ணுங்கள். லேசர் கருவி எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதற்குப் பெயர் தெரியாது.

வில்லுப்பாட்டுக்காரக் குடும்பம் எங்களுடையது. தாத்தா காலத்து ஏடு ஒரு கட்டு பரணில் இருந்தது, செல்லரிக்கத் தொடங்கிவிட்டது. சிலர் லேமினேட் பண்ணச் சொல்கிறார்கள். ஏஐ வாசித்துக் கொடுக்குமா?
– வாசகர், அகஸ்தீஸ்வரம் வட்டம்

லேமினேஷன் கடைக்குப் போகவே போகாதீர்கள். சூட்டில் ஓலை வெந்துவிடும், அப்புறம் அந்தப் பிளாஸ்டிக்கை எந்தக் காலத்திலும் பிரிக்க முடியாது.

நான் செய்த மடத்தனத்தைச் சொல்கிறேன், அதையாவது நீங்கள் செய்யாமல் இருங்கள். பல வருஷம் முன்னால் ஒரு கட்டைப் படம் எடுக்க உட்கார்ந்தவன், ஆர்வத்தில் கயிற்றை உருவிவிட்டு மின்விசிறியை அணைக்க மறந்துவிட்டேன். நாற்பது ஓலை தரையில். பாதி ஏட்டில் எண் செல்லரித்துப் போயிருந்தது. கதையின் போக்கை வைத்து வரிசைப்படுத்த எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று, இன்றைக்கும் மூன்று ஓலை எங்கே போகும் என்று தெரியவில்லை. அதனால் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னாலேயே கட்டை நாலு பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வோர் ஓலையாக எடுக்கும்போது இரண்டு பக்கமும், ஓரத்து ஏட்டெண்ணும், கயிற்றுத் துளையும், முறிந்த துண்டும் தெரிய வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோல். கேமரா மேலிருந்து நேராகக் கீழே பார்க்கட்டும். ஒரு படம் இரண்டு பக்கமும் சமமாக விளக்கு வைத்து, இன்னொரு படம் ஒரே விளக்கை ஓலையோடு ஒட்டிச் சாய்த்து வைத்து. எழுத்தாணிக் கீறலில் மை போய்விட்ட எழுத்து இந்த இரண்டாவது வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். இத்தனையும் ஆன பிறகுதான் மென்மையான தூரிகை, புல்தைலம், விளக்குக்கரி. அதையும் பழகிய ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள்.

ஏஐ வாசிக்குமா என்றால், தயங்கித் தயங்கி வாசிக்கும், தயங்கியதை நம்மிடம் சொல்லாது. ஓலை கிழிந்துவிடும் என்று ஏட்டில் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கொம்பில் வித்தியாசம் கிடையாது. காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும், சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ‘கரல’ என்று கண்ணுக்குத் தெரிவது ‘கால்’ ஆகவும் இருக்கலாம், ‘கால’ ஆகவும் இருக்கலாம். எது என்பது பாட்டைக் கேட்டிருக்கிறவருக்குத்தான் தெரியும். அந்தப் பாட்டு உங்கள் வீட்டில் இருக்கிறது! உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ பாடுவதை முழுக்கப் பதிவு செய்து, படத்தையும் குரலையும் சேர்த்து வையுங்கள். குரலில் ஏட்டில் இல்லாத வரி வரும், ஏட்டில் உள்ள வரி குரலில் விடுபடும். இரண்டையும் கலந்து ‘சுத்தமான’ பாடம் ஒன்று தயாரிக்கும் ஆசை யாருக்காவது வந்தால் தடுத்து நிறுத்துங்கள்.

ஏட்டைக் கொடுக்க மனமில்லையென்றால் கொடுக்க வேண்டாம். சரஸ்வதி பூஜைக்கு எடுத்து வைத்துக் கும்பிடுகிற பொருளை யாரும் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள், அது எனக்கும் புரிகிறது. படப் பிரதி ஒன்றைச் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகம் போன்ற இடத்தில் கொடுத்து வைக்கலாம். ஒன்றிய அரசு 2025-26 பட்ஜெட்டில் ஒரு கோடிக்கு மேல் சுவடிகளைப் பதிவு செய்ய ஞான பாரதம் என்று ஒரு திட்டமும் அறிவித்திருக்கிறது.

சிதறால் மலையை முப்பரிமாணத்தில் செய்தால் சமணப் பள்ளியாகக் காட்டுவதா, பகவதி கோவிலாகக் காட்டுவதா? எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதற்கு ஒரு வாரமாகச் சண்டை.
– வாசகர், மார்த்தாண்டம்

இரண்டையும். 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன, பின்னால் வந்த பகவதி வழிபாடும் இருக்கிறது. கல்லில் வேலை செய்பவனுக்கு ஒன்றைக் காட்ட இன்னொன்றைப் பெயர்க்க வேண்டியிருக்கும். தஞ்சைப் பெரிய கோவிலில் சோழர் ஓவியத்தைப் பார்க்க மேலே இருந்த நாயக்கர் கால ஓவியத்தை எத்தனை சிரமப்பட்டுப் பெயர்த்து எடுத்துப் பாதுகாத்தார்கள் என்று தெரியுமா? கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானில் காலத்தை முன்னும் பின்னும் தள்ளலாம். குழுவில் சண்டை போடுகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை ஏறி ஆளுக்கு ஐம்பது படம் எடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

குளத்துப் படிக்கட்டில் எழுத்துள்ள கல் ஒன்று கிடக்கிறது. சுண்ணாம்பு தடவினால் வாசிக்கலாம் என்கிறார்கள். செல்போனில் ஏதாவது வழி உண்டா?
– வாசகி, பூதப்பாண்டி

சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம், சோப்புப் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். ராத்திரி போங்கள், துணைக்கு ஆளோடு. செல்போனை ஒரு செங்கல்லில் அசையாமல் சாய்த்து வைத்துவிட்டு, டார்ச்சைக் கல்லுக்கு மிகத் தாழ்வாகப் பிடித்துச் சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு திசைகளிலிருந்து ஒவ்வொரு படம் எடுங்கள். ஒரு திசையில் மறைந்த கீறல் இன்னொரு திசையில் நிழல் விழுந்து தெரியும். 2001-இல் எச்பி கம்ப்யூட்டர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் டாம் மால்ஸ்பெண்டர் இப்படிப் பல திசை வெளிச்சப் படங்களைக் கணக்கால் ஒன்றாக்கி, திரையிலேயே விளக்கை நகர்த்திப் பார்க்கிற முறையைச் செய்தார். அதே யோசனைதான், டார்ச்சு மட்டும் நம்முடையது.

முப்பரிமாணம் வேண்டுமென்றால் பகலில், மேகமூட்டத்தில். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம், மேகத்துக்குப் பஞ்சமில்லை. கல்லைச் சுற்றி நகர்ந்து நகர்ந்து அறுபது எழுபது படம், ஒரு படத்தில் உள்ளதில் முக்கால் பங்காவது அடுத்ததிலும் வர வேண்டும். மெஷ்ரூம் என்ற மென்பொருள் இலவசம், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் ராத்திரி ஓட விட்டால் காலையில் கல் திரையில் நிற்கும். எழுத்து வட்டெழுத்து என்கிற பழைய எழுத்துமுறையாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, நம் பக்கம் அது நெடுநாள் புழங்கியது. வாசிக்கத் தெரிந்தவரிடம் படத்தைக் கொடுங்கள், காகிதத்தில் மை ஒற்றி மைப்படி எடுப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள், கிடந்த இடமும் கல்வெட்டில் பாதி.

எல்லாவற்றையும் எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டு பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். போதும்தானே?
– வாசகர், முட்டம்

கடல் ஓரத்தில் பீரோவே துருப்பிடிக்கிறது, பென்டிரைவை நம்புகிறீர்களே. மூன்று பிரதி வேண்டும். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று இந்த மாவட்டத்துக்கு வெளியே. 2017 நவம்பர் 30-இல் ஓக்கி புயல் அடித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், ஒரே ஊரில் மூன்று பிரதி வைத்தால் மூன்றும் சேர்ந்து நனையும். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்ததைப் பிரதி என்று எண்ணாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். மகள் கோயம்புத்தூரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அவளிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் கொடுத்து, வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவள் மறந்துவிடுவாள், நீங்கள்தான் போன் போட்டு ஞாபகப்படுத்த வேண்டும்.